பத்தாம் நம்பர் மரியாதை

நிலாவட்டம் அப்பளக் கம்பெனிக்கு வர வேண்டிய மெயில்களில் பாதி வரவில்லை. எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

கம்பெனியின் இளைய பங்குதாரர் சோணைமுத்து அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டிருந்தார். இடது பக்கம் 'வந்தது', வலது பக்கம் 'வராதது'. வராத மெயிலைப் பற்றி அனுப்பியவர் போன் செய்து திட்டினால்தான் தெரியவரும் என்பதால், வலது பக்கத்தில் சில வசவுகளும் பதிவாகியிருந்தன. இரண்டு வாரக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ராகு காலத்தில் அனுப்பும் மெயில் வந்து சேர்வதில்லை. இதை அவர் சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் போனிலேயே சொல்லியும் விட்டார். கடைக்காரர் சற்று யோசித்து, "உங்க ராகு காலமா, எங்க ராகு காலமா? நாங்க ரெண்டரை மணி நேரம் முன்னால இருக்கோமே" என்று கேட்டார். சோணைமுத்து அந்தக் கேள்வியையும் வலது பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

2003 ஆகஸ்ட் மாதம் அது. வில்லாபுரம் அலுவலகத்தின் மாடியறையில் முத்துச்செல்வி சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவள். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் வரும்வரை கம்பெனிக்கு இலவச மெயில் முகவரி ஒன்றுதான் இருந்தது. அதன் கடவுச்சொல் காலண்டரில் எழுதப்பட்டிருந்தது. 'கம்பெனி பெயரிலேயே முகவரி வேண்டும், சொந்தமாகச் சர்வர் வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, இன்டர்நெட்டுக்கென்று தனி லீஸ் லைன் வாங்க வைத்து, பதினான்கு பேருக்கு முகவரி கொடுத்தது அவள்தான். ஆகவே திட்டு விழுந்ததும் அவள் மேல்தான்.

புதன்கிழமை சோணைமுத்து மாடியேறி வந்தார்.

"இந்தா முத்துச்செல்வி, சனிக்கெழம சிங்கப்பூர்க்காரரு லேபிளப் பாத்துட்டு சரி, சரியில்லன்னு மெயில் போடுறாரு. அஞ்சு மணிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டு இங்கருந்து கெளம்பிருவாரு. அதுக்குள்ள மெயிலு வந்துச்சுன்னா உன் சர்வரு இருக்கும்."

"வரலைன்னா சார்?"

"வரலைன்னா நான் போன்ல கேட்டுக்குவேன். எனக்கென்ன, கன்டெய்னரு எப்படியும் போயிரும். உன் சர்வரு பரணுக்குப் போயிரும். நீ பேக்கிங்குக்குப் போயிரு."

கீழே பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் சுந்தரம்மாள் காதில் இது விழுந்துவிட்டது. அவருக்குக் கீழே முப்பது பெண்கள், எல்லோர் தலையிலும் வெள்ளைத் துணித் தொப்பி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் புதுத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து முத்துச்செல்வியின் கீபோர்டு மேல் வைத்தார்.

"என்னக்கா இது?"

"ஒனக்குத்தான். நல்லா வெளுத்து, கஞ்சி போட்டு வச்சிருக்கேன். படிச்ச புள்ள தலைக்குப் பத்துமான்னு போட்டுப் பாரு."

"அக்கா, இன்னும் சனிக்கெழம வரல."

"நான் வேண்டாம்னா சொல்றேன்? பக்கத்துலயே இருக்கட்டும்."

தொப்பி அங்கேயே கிடந்தது.

உலகத்தில் எந்த மெயில் சர்வரும் ஒரு கடிதத்தை அனுப்பும் முன்னால், அந்த முகவரியின் டொமைன் பதிவைப் பார்க்கும். இந்தக் கம்பெனியின் கடிதங்களை யாரிடம் கொடுப்பது என்று அதில் எழுதியிருக்கும். சர்வரின் பெயர் ஒன்று, பக்கத்தில் ஓர் எண். இரண்டு சர்வர்கள் இருந்தால் சின்ன எண் உள்ளதிடம் முதலில் போக வேண்டும். அது படுத்திருந்தால் பெரிய எண் உள்ளதிடம் போகலாம். நிலாவட்டத்துக்கு இரண்டு சர்வர்கள். வில்லாபுரத்துக்கு எண் பத்து, சோழவந்தானுக்கு இருபது.

சோழவந்தானில் கம்பெனியின் காயப்போடும் களம் இருந்தது. அங்கே ஒரு மெயில் சர்வருக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் களத்தைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பங்குதாரர் அழகுமலை, சோணைமுத்துவின் அக்காள் கணவர். மாப்பிள்ளையிடம் லீஸ் லைனும் சர்வரும் இருக்கும்போது மச்சானிடம் இல்லாமல் இருக்க முடியாது. சரி, வந்ததற்கு ஒரு வேலை கொடுப்போம் என்று முத்துச்செல்வி அதைத் துணைக்கு வைத்தாள். வில்லாபுரத்தில் கரண்ட் போனால் கடிதங்களை வாங்கி வைத்திருந்து, கரண்ட் வந்ததும் வில்லாபுரத்துக்கே தள்ளிவிட வேண்டும். ஒரு வருடமாக அது அப்படித்தான் செய்தது.

மூன்று நாட்களாக அவள் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்ட போதெல்லாம் ஒரே பதில்: வில்லாபுரம் பத்து, சோழவந்தான் இருபது. பதிவில் தவறில்லை. கேபிளை மாற்றினாள். மோடத்தை மாற்றினாள். சர்வரை இடம் மாற்றி வைக்கச் சொன்னார் சோணைமுத்து. அக்கினி மூலையில் இருக்கிறதாம். அதையும் செய்தாள்.

வியாழக்கிழமை காலை சிங்கப்பூரிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. தன் மெயில் திரும்பி வந்த அறிவிப்பை அப்படியே அச்செடுத்து ஃபேக்ஸில் அனுப்பியிருந்தார் கடைக்காரர். மேலே கையால், 'இதையாவது உங்கள் ராகு காலம் விட்டுவைக்கிறதா பாருங்கள்' என்று எழுதியிருந்தார்.

முத்துச்செல்வி அச்சிட்ட வரிகளைப் படித்தாள். மெயிலைத் திருப்பி அனுப்பியது சோழவந்தான் சர்வர். காரணமும் சொல்லியிருந்தது: இந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தால் சுற்றிச் சுற்றி என்னிடமே வருகிறது.

வில்லாபுரம் விழித்துக்கொண்டிருக்கும்போது சோழவந்தானிடம் கடிதம் ஏன் போனது? யார் போகச் சொன்னது?

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. லைன் மெதுவாக இருக்கிறதே என்று, டொமைன் பதிவின் நகலொன்றை அவளே வில்லாபுரம் சர்வருக்குள் எழுதி வைத்திருந்தாள். இங்கே உட்கார்ந்து கேட்டால் பதில் சொல்வது அந்த நகல்தான். மூன்று நாட்களாகத் தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஃபேக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

முனிச்சாலையில் பீமாராவ் பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தார். நிலாவட்டத்துக்கு டொமைன் வாங்கிக் கொடுத்ததும், வருடா வருடம் புதுப்பிப்பதும், பதிவுகளைக் கையில் வைத்திருப்பதும் அவர்தான். முத்துச்செல்வி நேராக நான்காம் நம்பர் தடுப்புக்குள் போய் உட்கார்ந்து, வெளியாளைப் போல அதே கேள்வியைக் கேட்டாள்.

வில்லாபுரம் பத்து. சோழவந்தான் பத்து. இரண்டும் ஒரே எண்ணானால் அனுப்பும் சர்வர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றிடம் கொடுக்கும்; பாதி வில்லாபுரத்துக்கு, பாதி சோழவந்தானுக்கு.

"பீமாராவ் அண்ணே!"

வீட்டுக்காரியுடன் போனில் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டிருந்த பீமாராவ், பேச்சை முடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது எப்பண்ணே மாறுச்சு?"

"நானா மாத்துனேன் தங்கச்சி? உங்க பெரியவரு, அழகுமலை அண்ணன் மூணு வாரத்துக்கு முன்னால வந்தாரு. டொமைன் புதுப்பிச்ச காயிதத்த வாங்க வந்தவரு, வாங்கிட்டுப் போக வேண்டியதுதான? பூராவும் படிச்சாரு. 'இதென்ன பத்து, இதென்ன இருவது'ன்னாரு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, 'பத்துக்குத்தான் மொதல்ல போகும்ணே, அங்க ஆளு இல்லாட்டித்தான் இருவதுக்கு வரும்'னு சொல்லிப்புட்டேன்."

"சொல்லிட்டீகளா!"

"எந்திரிச்சு நின்னுட்டாரு. 'கோயில்லதான் அவன் வீட்டுக்கு மொதத் திருநீறு. மெயில்லயுமா?'ன்னு ஒரே சத்தம். கஸ்டமரெல்லாம் ஓடியாந்துட்டாக. அப்பறம் ரெண்டு பேருக்கும் பத்துன்னு போட்டு, காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சேன்."

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லண்ணே?"

"ரெண்டு பத்துதானம்மா. சமமா இருந்தா யாருக்கு என்ன நட்டம்னு நெனச்சேன்."

"இப்ப பழையபடி மாத்துங்க."

பீமாராவ் ஒரு கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பதிவின் அச்சுப் பிரதி. கீழே அழகுமலையின் கையெழுத்து. 'என்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது' என்று தனி வரி.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காயிதம் இல்லாம நான் தொட மாட்டேன். மாத்துனாலும் ஊரெல்லாம் தெரிய ஒரு நாளாகும், பாத்துக்க."

இன்று சாயங்காலத்துக்குள் மாற்றினால்தான் சனிக்கிழமைக்கு ஆகும். முத்துச்செல்வி பெரியார் நிலையத்துக்கு வந்து சோழவந்தான் பஸ்ஸைப் பிடித்தாள்.

அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு பீமாராவ் சொன்னதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. அவர்கள் ஊரில் அங்காள ஈஸ்வரி கோயில் திருவிழாவில் முதல் திருநீறு சோணைமுத்து வீட்டுக்கு. இரண்டாவது அழகுமலை வீட்டுக்கு. அழகுமலையின் அப்பா காலத்தில் இதற்காகத் திருவிழா இரண்டு வருடம் நின்றிருக்கிறது. தகராறு தீரட்டும் என்று பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பார்த்தார்கள். உறவு வலுத்தது. தகராறு தீரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால், பூசாரி தட்டை எந்தப் பக்கம் திருப்பினார் என்பதில் சந்தேகம் வந்து, கொட்டுக்காரர்கள் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள்.

களத்தில் வெயில் பளீரென்று அடித்தது. ஓலைப் பாய்களில் ஆயிரக்கணக்கான அப்பளங்கள் கிடந்தன. அழகுமலை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவற்றுக்கு நடுவே நின்றிருந்தார். முத்துச்செல்வி சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டதும் முறைத்தார்.

"சமமா வச்சதுல என்னம்மா தப்பு?"

"அய்யா, உங்க மெஷினு ரொம்ப மரியாத தெரிஞ்ச மெஷினு. வார கடுதாசி தனக்கில்ல, அடுத்தவுகளுக்குன்னு அதுக்குத் தெரியும். ஆனா தனக்கு மேல இருக்கவுகட்டத்தான் அது குடுக்கும். முன்னாடி மேல பத்து இருந்துச்சு, குடுத்துச்சு. இப்ப பாத்தா எல்லாருமே பத்து. மேல யாரையும் காணோம். அனுப்புனவருட்டயே திருப்பிக் குடுத்துருது."

"மாப்ளட்ட குடுக்க வேண்டியதுதான? பக்கத்துலதான இருக்கான்?"

"சமமா இருக்கவுகட்டக் குடுத்தா, அவுக திருப்பி இதுட்டயே குடுத்துருவாகன்னு அதுக்குப் பயம். அதனால குடுக்காது. சட்டமே அப்படித்தான்யா, உலகம் பூராவும்."

அழகுமலை தாடையைச் சொறிந்தார். இந்தச் சட்டம் அவருக்குப் புரியாத ஒன்றாக இல்லை.

"அப்பச் சரி. எனக்குப் பத்து, அவனுக்கு இருவது. ஒரு கொறையும் இல்ல."

"பதினாலு பேரு மெயில் பெட்டியும் வில்லாபுரத்துல இருக்கேய்யா. உங்களுக்கு மேல ஆளே இல்லைன்னா, உங்களுக்கு வந்தது உங்களோடயே நின்னுரும்."

"அப்ப என்னையக் கீழ எறங்கச் சொல்ற."

"நான் சொல்லலய்யா. சனிக்கெழம மெயில் வரலைன்னா என்னையத்தான் பேக்கிங்குக்கு எறக்குறாக. தொப்பி கூட தச்சு வச்சுட்டாக."

அவர் சிரிக்கவில்லை. "அது பாவந்தான். அதுக்காக நான் கையெழுத்துப் போட முடியுமா?" என்றார்.

முத்துச்செல்வி நிழலுக்கு ஒதுங்கினாள். களத்துப் பெண் ஒருத்தி காய்ந்த அப்பளங்களை எடுக்கத் தொடங்கினாள். எடுத்த முதல் அப்பளத்தைக் கூடையில் போடாமல், வேப்பமரத்தடியில் இருந்த செங்கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தாள். ஓர் அணில் அதற்காகவே காத்திருந்தது போல இறங்கி வந்தது. அது அங்கே அன்றாடம் நடப்பதுதான். முத்துச்செல்வி அணிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, அந்த மொத அப்பளம் யாருக்கு? உங்களுக்கா, சாருக்கா?"

"இதென்ன கேள்வி? ஆத்தாளுக்கு."

"ஆத்தாளுக்கு மொதல்லன்னா உங்களுக்குக் கோவம் வராதா?"

"கிறுக்குப் புள்ளையா இருக்க. ஆத்தாட்ட யாரு கோவிப்பா?"

"அப்ப பத்தாம் நம்பர ஆத்தாளுக்குக் குடுத்துருவோம்யா. வில்லாபுரத்துச் சர்வருக்கு அங்காளம்மான்னு ஒரு பேரு வைக்கிறேன். அதுக்குப் பத்து. அப்பறம் சோழவந்தானுக்கு இருவது, வில்லாபுரத்துக்கும் இருவது. நீங்க ரெண்டு பேரும் சமம். உங்க மெஷினு வாங்குறத ஆத்தாட்ட நேராக் குடுக்கும்."

அழகுமலை கண்ணைச் சுருக்கினார். "இரு, இரு. அந்த அங்காளம்மா எங்க இருக்கும்? மாப்ள ஆபீஸ் மாடியில. அப்ப சுத்தி வளச்சு அவனுக்குத்தான மொதல்ல போகுது?"

"ஆத்தா கோயிலும் சார் வீட்டுத் தெருவுலதானய்யா இருக்கு. அதுக்காக ஆத்தா சாருக்குச் சொந்தமாயிருமா?"

அழகுமலை வேப்பமரத்தடிச் செங்கல்லைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

"இல்லய்யா. இங்க வந்துதான் படிச்சேன்."

"பேனாவக் குடு."

சோணைமுத்துவிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, "ஆத்தாளுக்குக் கீழதான? அப்பன்னா சரி. ஆனா இருவதுல என் பேர மேல எழுது" என்றார். மேலே எழுதினாலும் கீழே எழுதினாலும் ஒன்றுதான் என்று அவள் சொன்னாள். "ஒன்னுதான்னா மேலயே எழுதேன்" என்றார். பக்கத்தில் நின்ற அழகுமலைக்கு இது கேட்காதபடி அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

இரண்டு கையெழுத்துகளும் ஃபேக்ஸில் முனிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்தே முக்காலுக்கு பீமாராவ் பதிவை மாற்றினார். முத்துச்செல்வி வில்லாபுரம் திரும்பி, தான் எழுதிவைத்த நகலை முதல் வேலையாக அழித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் சோதனை மெயில்கள் வந்தன. இருபது அனுப்பினால் இருபது. சாயங்காலம் அவள் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் படியிறங்கினாள்.

"வச்சுக்கடி. நாளைக்கு மெயில் வரட்டும்" என்றார் சுந்தரம்மாள். "அதான் நாளைக்கு நம்ம ஏரியாவுல மாசாந்தர ஷட்டவுனாச்சே. காலைல ஒம்பதுலருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு கெடையாது. பேப்பர் பாக்கலையா நீ?"

அவள் பார்த்திருக்கவில்லை. சர்வரைத் தாங்கும் யு.பி.எஸ். அரை மணி நேரம் உழைத்தால் அதிகம்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே முத்துச்செல்வி சோழவந்தான் களத்து அறையில் இருந்தாள். ஒன்பது மணிக்கு வில்லாபுரம் இருண்டது. ஒன்பது ஐம்பதுக்கு மோடத்தின் விளக்குகள் துடித்தன. காத்திருக்கும் மெயில்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அனுப்பியவர் சிங்கப்பூர். ஆத்தாளைத் தேடிப் போன கடிதம் ஆள் இல்லாமல் சோழவந்தானில் ஒதுங்கியிருந்தது. சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தான் முடியும் என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

"வந்துருச்சா? என்ட்டயா?" அழகுமலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரிச்சுப் பாத்துருவோமா?"

"பிரிக்கலாம்யா. ஆனா சார் பேருக்கு வந்த கடுதாசி."

அழகுமலை நிமிர்ந்தார். "அப்பப் பிரிக்கக் கூடாது. மாப்ள கடுதாசிய நான் பிரிச்சேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக்கூடாது." வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "எலே தவசி! ஜெனரேட்டரப் போடு!"

"கரண்டு இருக்குல்லண்ணே" என்றது களத்திலிருந்து ஒரு குரல்.

"இருக்கும்போதே போடுறா. போனப்பறம் எதுக்கு?"

அன்று முழுக்க அவர் அந்த அறையை விட்டு நகரவில்லை. சாப்பாடு அங்கேயே வந்தது. களத்துப் பெண்கள் தண்ணீர் குடிக்க வந்தால் கூட, "அந்தப் பக்கமாப் போங்க, மாப்ள மெயிலு இருக்கு" என்று விரட்டினார். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. முத்துச்செல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நான்கு இருபத்தைந்துக்கு போன் அடித்தது.

"கரண்டு வந்துருச்சு" என்றார் சோணைமுத்து. "ஏஜெண்டு வாசல்ல நிக்கிறாரு. ஒன் சர்வருல வெளக்கு எரியுது."

அவள் சர்வர் எழுந்து உட்காரட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு, கையிலிருப்பதையெல்லாம் உடனே அனுப்பு என்று சோழவந்தான் சர்வருக்குக் கட்டளை அடித்தாள். பட்டியல் காலியாயிற்று. போனின் மறுமுனையில் சோணைமுத்து மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"வந்துருச்சு முத்துச்செல்வி! லேபிள் ஓகேன்னு எழுதிருக்காரு. மஞ்சள மட்டும் கொஞ்சம் தூக்கலா வைக்கச் சொல்றாரு."

அழகுமலை ரிசீவரை வாங்கினார். "மாப்ள, ஒம்பது அம்பதுக்கே வந்துருச்சுடா. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டேன். பிரிக்கலடா, ஆத்தா மேல சத்தியமா."

"தெரியும் மச்சான்" என்றார் சோணைமுத்து. கொஞ்சம் பொறுத்து, "முத்துச்செல்விட்டப் போனக் குடுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மெயிலு வந்த வழியெல்லாம் மேல போட்டுருக்கே. அங்காளம்மா இருக்கு, சோழவந்தான் இருக்கு. என் ஆபீஸ் பேரக் காணோமே?"

"ஆத்தாதான் உங்க ஆபீஸ்ல இருக்காகளே சார். அது போக, யாருக்குன்னு போட்ட எடத்துல உங்க பேருதான இருக்கு."

"அது சரி." குரல் இன்னும் தாழ்ந்தது. "சோழவந்தான்ல மாசாந்தர ஷட்டவுனு என்னைக்கு வரும்னு விசாரிச்சு வையி. அன்னைக்காச்சும் மச்சான் பேரு இல்லாம ஒரு மெயிலு வரட்டும்."

திங்கட்கிழமை காலை முத்துச்செல்வி தொப்பியை எடுத்துக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போனாள். சுந்தரம்மாள் அதை வாங்கவில்லை.

"ஒனக்குன்னு தச்சது வேற யாருக்குப் பத்தும்? நீயே வச்சுக்க."

கீழே உளுந்து மாவு அரைத்தால் மாடிவரைக்கும் தூசி ஏறும். அவள் தொப்பியைக் கொண்டுபோய் சர்வரின் தலையில் கவிழ்த்தாள். சரியாகப் பொருந்தியது.